யாரும் உடுத்தாத கவுன்

காப்பிச் செடிகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ ஓடியது. அது தன் மகள் என்று கண்ணாயிக்கு முதலில் தோன்றவே இல்லை. மகள் உடம்பில் அப்படியொரு நிறத்தை அவள் பார்த்ததே கிடையாது. வெளுத்துப்போன நீலம், கறை ஏறிய மஞ்சள், ஆதியில் என்ன நிறமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு பழுப்பு, இவைதான் குப்பாயியின் நிறங்கள்.

பூமழை தூறிக்கொண்டிருந்தது. பங்குனியில் இந்த மழை இறங்கினால் மஞ்சக்குட்டை மலையூரில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். ஒரு வாரத்தில் காப்பி பூத்துவிடுமே. கண்ணாயியும் சந்தோஷமாகத்தான் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்தச் சிவப்பு திரும்பி நின்று, விழுந்த பல் இடைவெளி தெரியச் சிரித்து, "அம்மா, இங்க பாரு!" என்று கத்தியது.

கண்ணாயி வாசலிலிருந்து பாய்ந்தாள். பிறகு எப்படி ஓடினாள், எங்கே சறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையைப் பிடித்து, முதுகுப் பொத்தான்களை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இழுத்து, ஒரு பொத்தான் தெறித்துச் சேற்றில் விழ, அந்தக் கவுனைத் தலைவழியாக உரித்து எடுத்தாள். குப்பாயி மழையில் வெறும் ஜட்டியோடு நின்று ஓவென்று அழுதாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? தகரப் பெட்டியைத் திறந்தாள், அழகாக ஒன்று கிடந்தது, போட்டுக்கொண்டாள்.

அந்தக் கவுன் பெட்டிக்குள் வந்த கதை இதுதான். போன வாரம் அவள் புருஷன் பெரியண்ணன் சேலத்துக்குப் போய் மிளகை விலைக்குப் போட்டுவிட்டு வந்தான். வரும்போது கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் சிவப்புக் கவுன், கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ். கண்ணாயி பாம்பைக் கண்டதுபோல எட்டி நின்றுகொண்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? இதப் போயி ஊட்டுக்குள்ள கொண்டாந்திருக்கீங்களே!"

"வைகாசியில சேர்வராயன் கோயிலுக்குப் போறப்பப் போடத்தான புள்ள. அதுவரைக்கும் பொட்டியில கெடக்கட்டும். துணி என்ன பண்ணும், எந்திரிச்சு வந்து கடிக்குமா?"

வாய்தான் அப்படிப் பேசும். குப்பாயி பிறந்ததிலிருந்து அவனும் ஒரு முழத் துணி வாங்கினவன் இல்லை. மூன்று பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கிய கை அவனுடையது.

மூத்தவன் இறந்தது தீபாவளிச் சட்டை போட்ட மறுவாரம். அடுத்தவள் பொங்கலுக்கு எடுத்த பாவாடையோடு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவது, தாய்மாமன் கொண்டுவந்த புதுத்துணியில் சுற்றிப் படுக்க வைத்த பச்சைக் குழந்தை. ஒருமுறை நடந்தால் விதி என்று சொல்லலாம். மூன்று முறையும் புதுத்துணிக்குப் பின்னாலேயே சாவு வந்தால், பெற்றவள் வேறு என்னதான் நினைப்பாள்? போதாததற்கு, புதைக்கும்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுத்துணிதான் போர்த்தினார்கள். கஞ்சி மொடமொடப்பும் சாய வாசனையுமாக எங்கே ஒரு புதுத்துணியைக் கண்டாலும் கண்ணாயிக்கு அந்தக் குழிதான் கண்ணில் நிற்கும்.

அதனால் நாலாவது பிறந்ததும் மலையில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். சின்னத்தாயி என்கிற பக்கத்து வீட்டுக்காரி, யாரோ எறிந்த பிள்ளையைக் கண்டெடுத்ததுபோல எடுத்துக்கொண்டாள். கண்ணாயி அவளிடம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். பெயர் குப்பாயி. ஏழு வயது முடிகிற வரைக்கும் அவளுக்குப் புதுத்துணி கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் உடுத்திக் கழித்ததை வாசலில் நின்று கேட்டு வாங்கித்தான் உடுத்த வேண்டும். உயிரை எடுத்துப்போக வருகிறவன் பார்த்தால், 'இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, நமக்கு மட்டும் எதற்கு' என்று தாண்டிப் போய்விட வேண்டும். ஏழு முடிந்ததும் சேர்வராயன் சன்னதியில் முதல் புதுத்துணி. இந்த வைகாசியில் முடியப் போகிறது. அவ்வளவு காலம் காத்தது, இந்த இரண்டு மாதம் தாண்டியிருந்தால் போதும்.

கண்ணாயி பிள்ளையைத் துவட்டி, அந்தப் பழுப்புக் கவுனையே மாட்டிவிட்டாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்துக் கருகியது. ஆனால் நெடி இல்லை. அவள் அடுப்புக்குள் குனிந்து மூக்கை நீட்டிப் பார்த்தாள். தும்மலும் இல்லை, இருமலும் இல்லை. திருஷ்டி இருந்தால் மிளகாய்க்கு நெடி இருக்காது என்பது மலையில் யாருக்குத்தான் தெரியாது?

பொழுது சாயும்போது குப்பாயிக்கு உடம்பு கொதித்தது.

விடிந்ததும் பெரியண்ணன் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள். "கெளம்பு புள்ள" என்றான்.

"நீங்க போங்க. நான் மாட்டப் பாத்துப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிள்ளை கொதித்துக் கிடக்கும்போது மாட்டைப் பார்க்கிறேன் என்கிறாளே என்று நினைத்திருப்பான். ஆனால் நின்று கேட்க நேரமில்லை, பஸ் வளைவில் உறுமிக்கொண்டிருந்தது.

கண்ணாயி மாட்டுப் பக்கமே போகவில்லை. கவுனை இரவே அலசி அடுப்புக்கு மேலே காயப் போட்டிருந்தாள். அதை எடுத்துக் கையால் நீவி நீவி மடித்தாள். கடைக்காரர் கொடுத்த அதே காகிதத்தில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்தாள். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயனைப் பார்த்து நடந்தாள்.

அவள் போனது கலாவதி வீட்டுக்கு. கலாவதி எஸ்டேட்டில் காப்பி எடுக்கிறவள். அவள் பாட்டன் காலத்தில் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கூலிக்கு வந்த குடும்பம். ஒரே மகள் அமுதா, குப்பாயியைவிடக் கொஞ்சம் பெரியவள். குப்பாயி உடம்பில் ஏறிய துணியில் பாதி அமுதா உடுத்திக் கழித்ததுதான். அமுதாவுக்கு அவை முதலாளி பங்களாப் பிள்ளைகளிடமிருந்து வரும். பங்களாவில் புதுசு, லயனில் பழசு, கண்ணாயி வீட்டுக்கு வரும்போது நூல் நூலாகத் தெரியும். சொந்தமாகக் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறவள் கூலிக்காரி வாசலில் வந்து நின்று, "பழசு ஏதாச்சும் இருந்தாக் குடு, கலாவதி" என்று கேட்பது லயன் பெண்களுக்கு வேடிக்கை. ஆனால் கலாவதி ஒருநாளும் சிரித்ததில்லை. இருப்பதில் நல்லதாகப் பார்த்து, கிழிசலைத் தைத்துத்தான் கொடுப்பாள்.

இரண்டு பிள்ளைகளுமே புதுத்துணி கண்டதில்லை. ஒருத்திக்குப் பயத்தால், இன்னொருத்திக்கு வழியில்லாததால்.

பனி இறங்கிய பாதையில் கண்ணாயி மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தான் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வருகிறவன் சிவப்புக் கவுனைப் பார்த்துவிட்டான். அவன் கவுனைத் தேடித்தான் வருவான். அது வேறொரு பிள்ளை உடம்பில் இருந்தால் அந்தப் பிள்ளையிடம் போவான். நினைப்பை முழுதாக நினைக்க விடாமல் அவள் வேகமாக நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அமுதாதான் குப்பாயி கையைப் பிடித்து ஓடையைத் தாண்டிவிடுவாள். அந்த நினைப்பையும் தள்ளினாள். அது எங்கே தள்ளினால் போகிறது?

கலாவதி வேலைக்குக் கிளம்பித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க்கா. என்னங்க காத்தால?"

"இந்தா. அமுதாவுக்குப் போட்டுடு." கண்ணாயி பொட்டலத்தை நீட்டினாள். "குப்பாயிக்கு அவங்கப்பன் வாங்கியாந்துட்டாரு. பழசாக்கித்தான அவளுக்குப் போடோணும், உனக்குத் தெரியுமே. ரெண்டு நாளு அமுதா போடட்டும். அப்பறம் வந்து வாங்கிக்கறேன்."

பாதி உண்மைதான்.

கலாவதி காகிதத்தைப் பிரித்தாள். அவள் முகத்தில் ஏறிய வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அமுதா! ஓடியா கண்ணு, இதப் பாரு!"

அமுதா வந்தாள். லேசைத் தொட்டாள். "புதுசாம்மா? நெசமாவே புதுசா?"

"புதுசுதான் சாமி. மொதோ மஞ்ச வெக்கோணும், இரு." கலாவதி டப்பாவைத் தேடி எடுத்து, மஞ்சளைக் குழைத்து, மடிப்புக் கலையாமல் ஓரத்தில் தொட்டு வைத்தாள். மகளுக்கு மஞ்சள் வைத்து ஒரு துணி போடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

கவுன் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே தூக்கப்பட்டபோது கண்ணாயி திரும்பி நடந்துவிட்டாள். "இருங்க்கா, பாத்துப்போட்டுப் போங்க" என்று கலாவதி கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை. பின்னால் அமுதா கெக்கெக்கே என்று சிரித்தது பாதை திரும்புகிற வரைக்கும் கேட்டது.

மத்தியானம் பெரியண்ணன் பிள்ளையோடு திரும்பி வந்தான். "மழையில நனஞ்சதுதான்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. ஊசி போட்டாச்சு" என்றான். பொழுது இறங்கும்போது குப்பாயிக்கு நெற்றி வியர்த்தது. கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். கண்ணாயிக்கு உயிர் திரும்பி வந்தது. ராகிக் கஞ்சியை ஆற்றி மடியில் வைத்து ஊட்டினாள். ஒரு வாய், இரண்டு வாய். மூன்றாவது வாய்க்குக் கை பாதியில் நின்றுவிட்டது.

காய்ச்சல் இங்கேயிருந்து இறங்கிவிட்டது. இறங்கி எங்கே போயிற்று?

"அம்மா, ஊட்டு" என்றாள் குப்பாயி. கண்ணாயி ஊட்டினாள். கஞ்சி சிந்தியது.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடப் பாதையில் போய் நின்றாள். லயன் பிள்ளைகள் தட்டும் பையுமாக ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அமுதா இல்லை. கடைசியாக வந்த ஒரு பெண்பிள்ளையை நிறுத்திக் கேட்டாள்.

"அமுதா வரலீங்க. அவங்கூட்டுக் கதவு சாத்திக் கெடக்குதுங்க. அவங்கம்மாவும் வேலைக்குப் போவலீங்க."

அதற்குப் பிறகு கண்ணாயி ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. விழுந்து, எழுந்து, செடியைப் பிடித்து, முந்தானை முள்ளில் கிழிபட, 'சேர்வராயா, தெரியாமப் பண்ணிப்போட்டேன்' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. தெரியாமல் ஒன்றும் பண்ணவில்லை என்பது அவள் மனசுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு பயம். கூலிக்காரி ஒருநாள் வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறாள் என்றால் அதற்கு எத்தனை காரணம் இருக்க முடியும்? தானும் மூன்று தடவை கதவைச் சாத்தியவள்தானே.

லயனில் ஆள் அரவமே இல்லை. எல்லோரும் காப்பிக் காட்டுக்குப் போய்விட்டார்கள். கலாவதி வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது. கண்ணாயி தட்டக்கூடத் துணியாமல் தள்ளினாள்.

உள்ளே இருட்டு. மூலையில் கம்பளிக்கடியில் ஒரு சின்ன உடம்பு. தலைமாட்டில் கலாவதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பளி விளிம்புக்கு வெளியே சிவப்புத் துணி கொஞ்சம் தெரிந்தது.

கண்ணாயி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கலாவதி" என்றாள்.

"மெதுவாங்க்கா. இப்பத்தான் தூங்குது" என்றாள் கலாவதி. "ராவெல்லாம் தூங்கல. கவுனக் கழட்டவும் உடல. திருப்பிக் குடுக்கோணும்னு சொன்னதும் ஒரே அழுக. சரி, இன்னிக்கு ஒருநா முழுசாப் போட்டுக்கட்டும்னு பள்ளிக்கூடம் அனுப்பல. நானும் போவல."

"காச்சலா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

கண்ணாயி தவழ்ந்து போய்ப் பிள்ளையின் கழுத்தில் கையை வைத்தாள். இளஞ்சூடு, நல்ல தூக்கத்தின் சூடு. மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். மூச்சு சீராக வந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

கலாவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துப் பொழுதோட டீக்கடையில சொன்னாங்க, குப்பாயிக்கு நொம்பக் காச்சல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்கன்னு. அப்பத்தானுங்க எனக்குப் புரிஞ்சுது. அவளுக்கு வந்தத எம்புள்ள மேல தள்ளிவுடத்தான கொண்டாந்தீங்க?"

கண்ணாயி பிள்ளையிடமிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"கையும் ஓடல, காலும் ஓடலீங்க. கழட்டலாம்னு போனா இவ கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கத்தறா. இழுத்தேன். அப்பத்தானுங்க பாத்தேன்." அவள் கம்பளியை மெல்ல விலக்கி, கவுனின் உள்மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். மடிப்புக்குள்ளே செம்மண் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. முதுகில் ஒரு பொத்தான் இல்லை. "குப்பாயி போட்டதுதானுங்களே இது? மழையில போட்டு ஆடியிருக்குது."

"ஆமா" என்றாள் கண்ணாயி.

"அப்பாடான்னு மனசு எறங்குச்சுங்க. மொதல்ல போட்டது எம்புள்ள இல்ல, இது பழசுதான், இதுனால இவளுக்கு ஒண்ணும் வராதுன்னு." கலாவதி மடிப்பைப் பழையபடி திருப்பிவிட்டாள். பிறகு, "பயம் போச்சுங்க. கூடவே சந்தோசமும் போச்சு. மஞ்ச வெச்சுப் போட்டனேங்க்கா. கடேசில இதுவும் பழசுதான். இவகிட்ட நான் சொல்லல. புதுசுன்னே நெனச்சுக்கிட்டுத் தூங்குது" என்றாள்.

கண்ணாயிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. கலாவதி சொல்வது சரி. முதலில் உடுத்தியது குப்பாயிதான். அப்படியென்றால் தான் தூக்கிக்கொண்டு ஓடியது வெறும் பழந்துணி. எதையும் யார் தலையிலும் தள்ளவில்லை. வருகிறவன் வரவேண்டுமென்றால் இன்னும் தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

"கவுனு அவகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து மறுபடியும் ஓடினாள். தன் வீட்டு வாசலுக்கு வந்து மூச்சு வாங்க நின்றபோது, குப்பாயி பழுப்புக் கவுனோடு உட்கார்ந்து, கஞ்சிச் சட்டியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். பெற்றவளைப் பார்த்ததும், "செவப்புக் கவுனு எங்க?" என்று கேட்டாள். கேட்கிற தெம்பு வந்துவிட்டது. கண்ணாயி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, வெகுநேரம் விடவே இல்லை.

காப்பி பூத்து மலை முழுக்க வெள்ளையான வாரத்தில் கண்ணாயி தனியாக ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினாள். துணிக்கடைக்குள் போகக் கால் கூசியது. கடை முழுக்க அந்தச் சாய வாசனை. கடைக்காரர் பச்சையில் ஒன்று, ஊதாவில் ஒன்று என்று எடுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க புள்ளைக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இல்லீங்க" என்று அவள் பதறிப்போய்ச் சொன்னதில் அவரே திகைத்துவிட்டார். "வேறொரு புள்ளைக்கு. மடிச்ச மடிப்புக் கலையாமக் குடுங்க. யாரும் போட்டுப் பாக்காததாக் குடுங்க."

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக லயனுக்குப் போனாள். வேலை விட்டு வந்த கலாவதி முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அமுதாவுக்கு" என்றாள் கண்ணாயி. "யாரும் உடுத்தல. கடக்காரரு மடிச்சதுதான். என்ற கைகூட உள்ள படல. திருப்பி வாங்க வரமாட்டேன்."

கலாவதி கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். ஊதாக் கவுன். உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கழுத்துப் பட்டையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். சேறு இல்லை, வியர்வை இல்லை, வேறு எந்தப் பிள்ளையின் வாசனையும் இல்லை.

"ஏனுங்க்கா," என்றாள் கலாவதி மெதுவாக, "இப்ப எனக்கு நெசமாவே பயமா இருக்குதுங்க. போடட்டுமா, வேண்டாமா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லக் கண்ணாயிக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்ல அவள் யார்? "எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றாள். அதற்குள் அமுதா சிவப்புக் கவுனோடு ஓடி வந்து ஊதாவைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். இனிமேல் மறைத்து வைக்க வழியே இல்லை.

"மஞ்ச டப்பாவ எடுத்தா கண்ணு" என்றாள் கண்ணாயி.

ஓரத்தில் மஞ்சளை அவளே வைத்தாள். கலாவதி கவுனை மகள் தலைக்கு மேலே தூக்கினாள். இந்தத் தடவை கண்ணாயி திரும்பிப் போகவில்லை. அந்தச் சின்னத் தலை துணிக்குள் மறைந்து, கழுத்து வழியாகச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறவரைக்கும், இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.